தாக்கீது: ஒரு சொல்லின் வழித்தடம்

2025ஆம் ஆண்டில், வக்ஃபு சொத்துகளின் விவரங்களையெல்லாம் ‘உம்மீத்’ இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோது, பல மஹல்லாக்களில் பரணில் கிடந்த தகரப் பெட்டிகள் இறக்கப்பட்டன. தென்காசி வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றின் பெட்டியைப் பிரித்துப் படிப்பதற்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அரபும் உர்தூவும் அறிந்தவன் என்பதால் அழைத்தார்கள். ஆனால் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் தமிழ்க் காகிதங்கள். பொறியியல் படித்த இளைஞரான ஜமாஅத் செயலாளர் ஒரு தாளை எடுத்துச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு முகம் வாடி, “ஹஜ்ரத், இதை வெளியே காட்டாமல் இருப்பது நல்லது. நம் பள்ளி நிலத்தில் அடிதடி நடந்து வழக்கு ஆகியிருக்கிறது போலத் தெரிகிறது” என்றார். வாங்கிப் பார்த்தேன். வட்டக் கச்சேரியிலிருந்து கிராம மணியத்துக்கு ஒரு ‘தாக்கீது’ சென்றிருந்த செய்தி அதில் இருந்தது. ‘தாக்கீது’ என்பதைத் ‘தாக்குதல்’ என்று அவர் படித்துவிட்டார்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. தமிழ் அறிந்த எவரும் அச்சொல்லைக் கண்டவுடன் ‘தாக்கு’ என்ற வினையையே நினைப்பர். ‘வேட்புமனு தாக்கல்’ என்று நாளிதழ்களில் வருவதும் இந்த மயக்கத்துக்குத் துணை செய்கிறது. மனுவை ஏன் தாக்க வேண்டும் என்று வகுப்பில் மாணவர்கள் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. உண்மையில் தாக்கல் வேறு, தாக்கீது வேறு. தமிழ்த் ‘தாக்கு’ இவ்விரண்டுக்கும் உறவே இல்லாத மூன்றாவது சொல். தாக்கல் என்பது ‘தாகில்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. ‘உள்ளே நுழைவது’ என்பது அதன் பொருள். காகிதத்தைக் கச்சேரிக்குள் நுழைப்பதே தாக்கல் செய்வது. தாக்கீது என்பதோ ‘தஃகீத்’ என்னும் அரபுச் சொல். வலியுறுத்துதல், உறுதிப்படுத்துதல் என்பன அதன் பொருள்கள்.

நம் வாசகர்களுக்கு இச்சொல் அந்நியமானதன்று. நாள்தோறும் வாயால் மொழிகிற ‘சுன்னத் முஅக்கதா’ என்ற தொடரில் உள்ள ‘முஅக்கதா’ இதே வேரிலிருந்து பிறந்தது. வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்பது அதன் பொருள். பஜ்ருக்கு முன்னுள்ள இரண்டு ரக்அத்துகளும், கலெக்டர் கச்சேரியிலிருந்து வந்த பழைய உத்தரவும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள் என்பது வியப்பாகத் தோன்றலாம். சத்தியங்களை உறுதிப்படுத்திய பின்னர் முறிக்காதீர்கள் என்று கட்டளையிடும் 16:91ஆம் வசனத்தில் ‘தவ்கீத்’ என்ற வடிவில் இச்சொல் வந்துள்ளது. ஹம்ஸாவுடன் ‘தஃகீத்’ என்றும், வாவுடன் ‘தவ்கீத்’ என்றும் இரு வடிவங்களும் அரபியில் வழங்குகின்றன. குர்ஆனில் வாவுடன் வந்துள்ளதால் அதுவே செவ்விய வடிவம் என்பர் அகராதியாளர்.

அரபு இலக்கணம் பயிலும் மாணவன் இச்சொல்லை ‘தாபிஉ’ எனப்படும் பின்தொடர் சொற்களின் பாடத்தில் சந்திக்கிறான். அரசர் வந்தார் என்று கூறினால், கேட்பவனுக்கு ஓர் ஐயம் எழலாம். அரசரே வந்தாரா? அவருடைய தூதுவர் வந்தாரா? அல்லது அவருடைய கடிதம் வந்ததைத்தான் இப்படிச் சொல்கிறாரா? இந்த ஐயத்தை நீக்குவதற்காக ‘நஃப்ஸுஹு’, அதாவது ‘அவரே’, என்ற சொல்லைச் சேர்க்கிறோம். அதுவே தஃகீத். தஃகீத் ஒருபோதும் முதலில் வராது. வலியுறுத்தப்படும் சொல் முன்னே நிற்க, இது அதன் பின்னே நிற்கும். முன்னுள்ள சொல்லுக்கு என்ன இஃராபோ அதுவே இதற்கும். தனித்து நிற்கும் உரிமை இதற்கு இல்லை. இந்த இலக்கண விதியை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இச்சொல்லின் அரசியல் வரலாற்றைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும். அரசர் வரவில்லை, அவருடைய கடிதம்தான் வந்தது என்ற எண்ணத்தை விலக்குவதற்காக அரபு இலக்கணிகள் கையாண்ட சொல், தென்னாட்டில் அரசரின் கடிதத்துக்கே பெயராகிப் போனது.

அரபுச் சொற்கள் தென்பாண்டி நாட்டுக்கு இரு வழிகளில் வந்தன. ஒன்று கடற்கரை வழி. காயல்பட்டினம் முதலிய துறைமுகங்களில் இறங்கிய அரபு வணிகரும் மார்க்க அறிஞரும், அவர்களிடம் ஓதிய தமிழ் ஆலிம்களும் கொணர்ந்தது அது. தென்காசியிலே பிறந்து தக்கலையிலே அடங்கியுள்ள ஞானமேதை பீர் முகம்மது அப்பா அவர்களின் பாடல்களில் அரபுச் சொற்கள் இவ்வழியே வந்து தமிழோடு கலந்து நிற்கின்றன. மற்றொன்று கச்சேரி வழி. டில்லியிலும் தக்காணத்திலும் பாரசீகமே அரச மொழியாக இருந்தது. ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சி தெற்கே பரவியபோது பாரசீகத்தின் முதுகில் ஏறிய அரபுச் சொற்கள் நிலவரிக் கணக்குகளோடு இங்கு வந்து சேர்ந்தன.

ஒரு சொல் எந்த வழியாக வந்தது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ‘ளாத்’ என்ற அரபு எழுத்து அச்சொல்லில் இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை வழி வந்த சொற்களில் அது தமிழ் ழகரமாக அல்லது ளகரமாக ஒலிக்கும். ரமழான், வுழு, பர்ழு, காழி என்பன போல. கச்சேரி வழி வந்தவற்றில் அது பாரசீக ‘ஸா’வாகித் தமிழில் ஜகரமாக நிற்கும். ரம்ஜான், காஜி என்பவை அப்படி வந்தவை. ஆஜர், மகஜர், அர்ஜி, ஜாமீன், ஜப்தி, ஜில்லா, ராஜினாமா ஆகிய அனைத்திலும் உள்ள ஜகரம் மூலத்தில் ளாத் ஆகும். ஹாளிர் என்று பள்ளிவாசலில் கூறுபவரே நீதிமன்றத்தில் ஆஜர் ஆகிறார். நிக்காஹ் மஜ்லிஸில் மணப்பெண்ணின் சார்பில் நிற்கும் வகீலும், நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து நிற்கும் வக்கீலும் ஒருவரே. முன்னவர் கடல்வழி வந்தவர், பின்னவர் தரைவழி வந்தவர். இலக்கண ஆசிரியன் என்ற முறையில் இந்த இரட்டையரைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

தாக்கீதில் ளாத் இல்லை. ஆனால் ஹம்ஸா உண்டு. பாரசீகர் சொல்லின் நடுவிலுள்ள ஹம்ஸாவை விட்டுவிட்டு அதற்கு முன்னுள்ள உயிரை நீட்டி ‘தாகீத்’ என்பர். தமிழர் அதனை எடுத்துக்கொண்டபோது, ககரம் ஒற்றையாக நின்றால் மெலிந்து ஒலிக்கும் என்பதால் இரட்டித்தனர். வகீல் வக்கீலானதும் இம்முறையிலேயே. சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்க முடியாது என்பதால் உகரம் சேர்த்தனர். ‘கைத்’ கைது ஆனது, ‘ரஸீத்’ ரசீது ஆனது. அவ்வாறே ‘தாகீத்’ தாக்கீது ஆனது. எனவே இது மதரஸா வழியாக வந்த சொல்லன்று. அவ்வழி வந்திருந்தால் முஅக்கதாவைப் போல ஹம்ஸாவின் சுவடு எஞ்சியிருக்கும்.

வலியுறுத்தல் என்ற பொருளுடைய சொல் உத்தரவுக்குப் பெயரானது எப்படி? முகலாய ஆவண மரபில் ஒவ்வொரு வகைக் கடிதத்துக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. பேரரசர் விடுப்பது பர்மான். இளவரசர் விடுப்பது நிஷான். அதிகாரிகள் விடுப்பது பர்வானா. உரிமை வழங்குவது சனது. கீழிருந்து மேலே செல்லும் விண்ணப்பம் அர்ஸ்தாஷ்த். இப்பட்டியலில் தாகீத் முதலில் தனி வகையாக இடம்பெறவில்லை. பர்வானாக்களின் இறுதியில், இவ்விஷயத்தில் கண்டிப்பு உண்டென்று அறிந்து நடந்துகொள்ள வேண்டும் என்ற கருத்தில் ‘தாகீத்’ என்ற சொல் வருவது வழக்கம். கடிதத்தைப் படிக்கக் கேட்டவர்கள் முன்பகுதியில் உள்ள நீண்ட பாரசீக அடைமொழிகளை மறந்திருப்பர். கடைசியில் ஒலித்த அந்த ஒரு சொல் காதில் நின்றிருக்கும். கடிதத்தின் வால் கடிதத்துக்கே பெயரானது இப்படித்தான் என்பது என் கருத்து. இலக்கணத்தில் பின்தொடரும் சொல்லாக இருந்தது, ஆட்சியில் முன்னே வந்து நின்றது.

கும்பினியார் நவாபிடமிருந்து நாட்டைப் பெற்றபோது இந்தச் சொற்களையும் சேர்த்தே பெற்றனர். சென்னை மாகாண வருவாய்த் துறையில் 19ஆம் நூற்றாண்டில் இரு சொற்கள் சோடியாக வழங்கின. கீழுள்ள அலுவலர் மேலே எழுதுவது அர்ஜி. மேலுள்ளவர் கீழே எழுதுவது தாக்கீது. ஆங்கில அதிகாரிகளும் தங்கள் அறிக்கைகளில் இவ்விரு சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதினர். நீதிமன்றங்களிலும் வருவாய்த் துறையிலும் பாரசீகமே கட்டாயம் என்ற நிலையை 1837ஆம் ஆண்டின் சட்டம் அகற்றியது. ஆனால் தாசில்தார், ஜமாபந்தி, அமுல், வசூல், பாக்கி முதலிய சொற்களை எச்சட்டத்தாலும் அகற்ற இயலவில்லை. பாரசீகம் போன பின்பும் தாக்கீது தமிழிலே எழுதப்பட்டது, தமிழிலே படிக்கப்பட்டது.

தாக்கீதும் பொது அறிவிப்பும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஊரறியச் சொல்வது அறிவிப்பு. தமிழில் முரசறைதல், பறையறைதல் என்பவை அதற்குரிய பழஞ்சொற்கள். ‘பறை’ என்பதற்கே ‘சொல்’ என்ற பொருள் உண்டு. மலையாளத்தில் ‘பறயுக’ என்றால் இன்றும் சொல்லுதல்தான். அரபியில் ‘இஃலான்’, ‘அதான்’ ஆகியன இவ்வகைச் சொற்கள். அதான் என்றவுடன் நமக்குத் தொழுகைக்கான பாங்கே நினைவுக்கு வருகிறது. ஆனால் தவ்பா சூராவின் மூன்றாம் வசனத்தில் அது அரசறிக்கை என்ற பொருளில் வந்துள்ளது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு அபூபக்ர் (ரலி) அவர்கள் அமீராகச் சென்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அலி (ரலி) அவர்களை அனுப்பி அந்த அறிவிப்பை மக்கள் கூடிய இடத்தில் ஓதச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். இணைவைப்போர் அடுத்த ஆண்டு முதல் ஹஜ்ஜுக்கு வரலாகாது, ஆடையின்றி எவரும் கஅபாவை வலம் வரலாகாது என்பன அதன் செய்திகள். அவ்வறிவிப்பு நான்கு மாதத் தவணை அளித்தது. உடன்படிக்கையை முறிக்காதவர்களுக்கு அதன் காலம் முடியும்வரை அதை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டது. மக்கள் பெருந்திரளாகக் கூடும் நாள் தேர்ந்தெடுக்கப்பட்டதும், அறிவிப்பவர் இன்னார் என்று உறுதி செய்யப்பட்டதும், தவணை அளிக்கப்பட்டதும் அறிவிப்பின் ஒழுங்கு எத்தகையது என்பதைக் காட்டுகின்றன.

அறிவிப்பு எப்போது ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்பதையும் நம் உஸூல் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கிப்லா மாற்றப்பட்ட செய்தி குபா பள்ளியில் தொழுதுகொண்டிருந்தவர்களுக்குச் சற்றுப் பின்னரே எட்டியது. எட்டிய அக்கணத்தில் தொழுகையிலேயே அவர்கள் திரும்பிக்கொண்டார்கள். அதற்கு முன் பழைய திசை நோக்கித் தொழுததை அவர்கள் மீட்டித் தொழவில்லை. இதிலிருந்து, சட்டம் பிறந்த நேரத்திலிருந்தன்று, அது ஒருவருக்கு எட்டிய நேரத்திலிருந்தே அவரைக் கட்டுப்படுத்தும் என்ற விதியை அறிஞர்கள் பெற்றனர். மது தடை செய்யப்பட்டபோதும் மதீனாவின் தெருக்களில் அறிவிப்பாளர் ஒருவர் குரல் கொடுத்துச் சென்றார். அதைக் கேட்ட பிறகே அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் மது கொட்டப்பட்டது என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். தாக்கீது என்ற சொல்லின் முழு எடையும் குற்றாலத்தில் ஒருநாள் வெளிப்பட்டது.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரத்தை நவாபிடமிருந்து கும்பினியார் பெற்றனர். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1798 மே 31 வரை செலுத்த வேண்டிய நிலுவை 3310 பகோடாக்கள் என்று கணக்கு இருந்தது. கலெக்டர் ஜாக்சன் 1798 ஆகஸ்ட் 18 அன்று ஒரு கடிதம் விடுத்தார். இரண்டு வாரத்துக்குள் இராமநாதபுரத்தில் வந்து தம்மைக் காண வேண்டும் என்பது அதன் சாரம். பாளையக்காரரின் அரண்மனை மொழி தெலுங்கு. நாட்டு மொழி தமிழ். இரண்டிலுமே இத்தகைய கடிதத்துக்கு ஒரே பெயர்தான். தமிழில் தாக்கீது, தெலுங்கில் ‘தாகீது’.

கடிதம் இராமநாதபுரத்தைக் குறிப்பிட்டது. ஆனால் கலெக்டரோ சுற்றுப்பயணத்தில் இருந்தார். குற்றாலத்தில் அவர் தங்கியிருப்பதை அறிந்து கட்டபொம்மன் அங்கே வந்தார். பேட்டி மறுக்கப்பட்டது. இராமநாதபுரத்தில்தான் காண முடியும் என்று பதில் வந்தது. கலெக்டரின் முகாம் நகர நகர இவரும் பின்தொடர்ந்தார்: சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நீண்டது அப்பயணம். 23 நாட்களில் ஏறத்தாழ 400 மைல் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். இறுதியில் செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் பேட்டி நிகழ்ந்தது. நிலுவையில் பெரும்பகுதி அதற்குள் செலுத்தப்பட்டு 1080 பகோடாக்களே எஞ்சியிருந்தன. ஆயினும் அவர் நெடுநேரம் நிற்க வைக்கப்பட்டார். வெளியேற முயன்றபோது எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார்; அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பின்னர் சென்னை அரசு அமைத்த விசாரணைக் குழு ஜாக்சனின் நடத்தையைக் குறை கண்டது. அவர் பதவியிழந்தார்; லஷிங்டன் அவ்விடத்துக்கு வந்தார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இராமநாதபுரத்து வாள்வீச்சிலேயே கருத்தைச் செலுத்துகின்றன. என் கருத்து குற்றாலத்தில் நிற்கிறது. உத்தரவு கிடைத்தவன் உத்தரவிட்டவனைத் தேடி வந்து நிற்கிறான். உத்தரவின் நோக்கம் சந்திப்பே என்றால் அந்நோக்கம் அருவிக்கரையிலேயே நிறைவேறியிருக்கும். ஆனால் எழுத்தில் உள்ள ஊர்ப்பெயர் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டது. அரபு இலக்கணத்தில் ‘அமீரே நேரில் வந்தார்’ என்று உறுதிப்படுத்துவதற்குப் பயன்படும் தஃகீத், இங்கே நேரில் வந்தவனை ஏற்க மறுத்துக் கடிதத்தைப் பற்றிக்கொண்டது. குற்றாலத்துக்கு வருவது கடிதத்தின் சொற்களுக்கு இணங்காது என்று ஜாக்சனின் தரப்பில் வாதிடலாம். அந்த வாதம் எழுத்தளவில் சரியானதே. விசாரணைக் குழுவே அதனைப் போதுமானதாகக் கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டு மேஜர் பானர்மேன் விடுத்த தாக்கீது இன்னும் குறுகியது. 1799 செப்டம்பர் 1 அன்று எழுதி, 4ஆம் நாள் பாளையங்கோட்டையில் ஆஜராக வேண்டும் என்றார். நல்ல நாள் பார்த்து வருவதாகப் பதில் சென்றது. 5ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டது. (இங்கே தாக்கீதுக்குப் பின் தாக்குதலே வந்துவிட்டது, நம் செயலாளரின் மயக்கத்துக்கு வரலாறும் ஒருவகையில் துணை நிற்கிறது.) அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்கள் வரவழைக்கப்பட்டு நிற்க, அவர் தூக்கிலிடப்பட்டார்.

மறுபக்கத்திலிருந்தும் அறிவிப்புகள் எழுந்தன. 1801 ஜூன் 16 அன்று மருதுபாண்டியர் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டச் செய்த ஜம்புத்தீவு அறிக்கை தாக்கீது அன்று. அது உண்மையான இஃலான். எந்த ஒரு தனி மனிதனையும் விளிக்காமல் நாட்டிலுள்ள எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் விளித்தது. ஐரோப்பியருக்கு இடமளித்த நவாபின் பிழையையும் ஒளிக்காமல் குறிப்பிட்டது. அதனைச் சுவரிலிருந்து எடுப்பவன் பஞ்சமாபாதகம் செய்தவனாவான் என்று எச்சரித்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்த பேரறிக்கை, ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. இரண்டும் பொது அறிவிப்புகளே. இரண்டுக்கும் இடையே உள்ள ஐந்தரை மாதத்தில் தென்பாண்டி நாட்டின் வரலாறு முடிந்து மற்றொன்று தொடங்கிவிட்டது.

தென்காசியின் மேற்கு வாசலில் இன்னொரு சொல் ஆட்சி செய்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பகுதி. சில கல் தொலைவுக்குள் இரு அரசுகள். திருவிதாங்கூர் மன்னரின் எழுத்தாணைக்கு ‘நீட்டு’ என்று பெயர். பொது அறிவிப்புக்கு ‘விளம்பரம்’ என்று பெயர். வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் விடுத்தது குண்டறை விளம்பரம். அரசு நிலக் குடிகளுக்கு உரிமை வழங்கியது 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரம். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னர் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டது க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம். செங்கோட்டைக் கோயில்கள் அந்த விளம்பரத்தால் திறக்க, அருகிலிருந்த தென்காசி, குற்றாலம் கோயில்களுக்கு 1939ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று தமிழில் விளம்பரம் என்றால் சோப்பும் நகைக்கடையும் நினைவுக்கு வருகின்றன. இதில் தமிழ் தனித்து நிற்கவில்லை. அரபியில் இஃலான் என்ற சொல்லும், உர்தூவில் ‘இஷ்திஹார்’ என்ற சொல்லும் அரசறிக்கையைக் குறித்துப் பின்னர் வணிக விளம்பரத்துக்கு இறங்கியவையே. தாக்கீது மட்டும் அங்காடிக்குப் போகவில்லை. அதற்குக் காரணம், அது ஊருக்குச் சொல்வதாக இல்லாமல் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பதாக இருந்ததே என்று நினைக்கிறேன்.

ஆனால் அதன் பொருளும் நிலத்துக்கு நிலம் மாறியது. தமிழில் அது உத்தரவு, அழைப்பாணை. தெலுங்கில் நாளிதழ்கள் நீதிமன்ற அறிவிப்பை ‘தாகீது’ என்கின்றன. கன்னடத்தில் ‘தாகீது’ என்றால் கண்டிப்பான அறிவுரை. மலையாளத்தில் ‘தாக்கீது’ எச்சரிக்கை ஆகிவிட்டது. உர்தூவில் மட்டுமே வலியுறுத்தல் என்ற மூலப்பொருள் பெரிதும் நிற்கிறது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வளைகுடா சென்றவர்கள் அரபியில் இச்சொல்லை மறுபடி சந்திக்கின்றனர்; அங்கே விமானப் பயணச்சீட்டை உறுதி செய்வது தஃகீத். தாத்தாவுக்குக் கச்சேரியிலிருந்து வந்து அச்சமூட்டிய சொல், பேரனுக்கு ஊர் திரும்பும் மகிழ்ச்சியைத் தருகிறது.

இச்சொற்கள் முஸ்லிம் ஆட்சியின் ஒடுக்குமுறையை நினைவூட்டுபவை, ஆகவே களையப்பட வேண்டியவை என்று எழுதுவோர் உண்டு. அழைப்பாணை, அறிவிக்கை, சுற்றறிக்கை, குறிப்பாணை என்று நல்ல தமிழ்ச் சொற்கள் வந்துள்ளன. அவற்றை வரவேற்பதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. நீதிமன்றத் தமிழ் எளிய குடிமகனுக்குப் புரிய வேண்டும் என்பதே முறை. ஆனால் வரலாற்றுக் கூற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. நவாபின் ஆட்சியில் வரிக்கொடுமையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. கடன்பட்ட நவாபு குடிகளைக் கசக்கியது உண்மை. எனினும் இச்சொல்லை ஊர்தோறும் கொண்டுபோய் நிறுத்தியது கும்பினியின் வருவாய் இயந்திரமே. அது முஸ்லிம்களின் சொல்லாக இங்கு வாழவில்லை, கச்சேரியின் சொல்லாகவே வாழ்ந்தது. அதை எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் முஸ்லிமல்லாத கணக்கர்களும் குமாஸ்தாக்களுமே.

அதற்கு முன் இங்கே வேறு மரபு இருந்தது. பாண்டியர் கல்வெட்டுகளில் அரசாணைக்குத் ‘திருமுகம்’ என்று பெயர். அரசன் வரவில்லை, ஆனால் வந்த ஓலையே அவன் முகம். அரபு இலக்கணி பிரிக்க முயன்ற இரண்டையும் தமிழன் ஒன்றாக்கிவிட்டான். தென்காசியில் 15ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் அடிகளில் இப்போதே வணங்குகிறேன் என்ற கருத்தில் கல்லிலே பாட்டு வெட்டி வைத்தான். அரசன் ஒருவன் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கு விடுத்த அறிவிப்பு அது. கண்டிப்பு ஏதும் இல்லாத அறிவிப்பு.

குற்றாலத்தில் இன்று அறிவிப்பு வேறு வடிவம் பெற்றுள்ளது. நீர்வரத்து மிகும்போது குளிக்கத் தடை என்று காவல் துறையினர் ஒலிபெருக்கியில் கூறுகின்றனர். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர். ஒரு சிறுவன் உயிரிழந்தான். மலைமேல் பெய்த மழை அருவிக்கு இறங்கும் நேரமும், செய்தி அருவிக்கரைக்கு எட்டும் நேரமும் ஒன்றோடொன்று போட்டியிடும் இடம் அது. குபா பள்ளிவாசலைப் பற்றிய உஸூல் பாடத்தை நடத்தும்போது நான் இதனையும் மாணவர்களிடம் கூறுகிறேன். தண்டோரா போடும் வழக்கத்தை 2022இல் தமிழக அரசு நிறுத்தச் சொன்னதையும், அதைப் போட்டு வந்தவர்கள் சுமந்த இழிவை எண்ணி அது சரியான முடிவே என்பதையும் கூறுகிறேன். குரல் எட்ட வேண்டும். அதற்காக ஒரு சாதியார் தெருத்தெருவாகப் பறை சுமக்க வேண்டியதில்லை.

பெட்டியிலிருந்த தாளுக்குத் திரும்புகிறேன். செயலாளரின் அச்சம் அகன்ற பிறகு இருவரும் சேர்ந்து அதனை வரிவரியாகப் படித்தோம். பள்ளிவாசலுக்குரிய நஞ்சையின் முறைநீரை மடையில் எவரும் மறிக்கலாகாது என்று மணியத்துக்கு உத்தரவாகியிருந்தது. நிலம் பள்ளிக்குரியது என்பதற்கு அது நல்ல சான்று. வெளியே காட்டாமல் இருக்க வேண்டிய தாளன்று, முதலில் காட்ட வேண்டிய தாள். “அப்படியானால் இது ஒன்றே போதுமா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். “போதாது, தம்பி. இதில் ‘முன் உத்தரவுப்படி’ என்று இருக்கிறது, பாருங்கள். தஃகீத் தனியாக வராது. இதற்கு முன்னால் ஓர் உத்தரவு இருந்திருக்க வேண்டும்” என்றேன். அந்த முதல் உத்தரவு அந்தப் பெட்டியில் இல்லை. இரண்டாவது பெட்டி ஒன்று முன்னாள் முதவல்லியின் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அதன் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.